கம்பு நிற்காத வாசல்

எங்கள் தெருவில் நாற்பத்தொரு வீடு. காட்டுக் காவல் முறை நாற்பது வீட்டுக்குத்தான். விடுபட்ட ஒரு வீடு மோப்பக்காரருடையது. அது என் வீட்டுக்கு அடுத்த வீடு. பதினாலு வருடமாக அந்த வாசலைத் தாண்டிக் காவல் கம்பைக் கொண்டுபோய், அதற்கும் அடுத்த வாசலில் சாத்தி வைத்தவள் நான். சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனால் அவர் கதையைச் சொல்ல வேறு யார் வரப்போகிறார்கள்? எனக்கு வாய் நீளம் என்று ஊரே சொல்லும். வேண்டிய நேரத்தில் மட்டும் அது திறக்காது.

கம்பு என்றால் வெறும் கம்புதான். ஆள் உயரம், அடியில் ஓர் இரும்புப் பூண். ஓடைக்கு அந்தப் பக்கம் இருப்பது அரசாங்கக் காடு. முள்வேலி, காக்கிச் சட்டை, 'உள்ளே நுழையாதே' என்ற பலகை எல்லாம் அங்கே உண்டு. இந்தப் பக்கம் ஊர்க்காடு. இதற்கு வேலி கிடையாது, நாங்கள்தான் வேலி. சாயங்காலம் எந்த வீட்டு வாசலில் கம்பு சாத்தியிருக்கிறதோ, மறுநாள் அந்த வீட்டு ஆள் அதை எடுத்துக்கொண்டு காட்டைச் சுற்றி வரவேண்டும். ஆடு நுழைந்ததா, கோடாலிச் சத்தம் கேட்கிறதா, தீ கீ உண்டா என்று பார்த்துவிட்டு, பொழுது சாய்கையில் அடுத்த வீட்டு வாசலில் சாத்தி, "கம்பு!" என்று ஒரு குரல் கொடுத்தால் முறை முடிந்தது. சம்பளமெல்லாம் கிடையாது. விறகில் பங்கு உண்டு, அவ்வளவுதான்.

கம்பு வந்தால் எல்லோரும் முணுமுணுப்பார்கள். "வந்துடுச்சா சனியன், நாளைக்குப் பொழப்பு போச்சு" என்று நானே எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறேன். வராமல் போனால் என்ன ஆகும் என்பது எங்கள் தெருவில் ஒருவருக்குத்தான் தெரியும். கம்பு நிற்காத வாசலில் கொஞ்ச நாளில் வேறு எதுவும் நிற்பதில்லை. கறிகாய் கொண்டுவருகிறவள் அந்த வாசலில் வேகமாக நடப்பாள். நெருப்புப்பெட்டி கடன் கேட்கிறவன் அடுத்த வீட்டுக்குப் போவான். சண்டை போட்டு ஒதுக்கினால்கூட ஒரு கோபம் மிச்சமிருக்கும். இது அப்படியில்லை. எல்லோரும் அவரை மறந்துபோனார்கள்.

மோப்பக்காரர் என்ற பெயர் அவருக்கு மர அறுப்பு மில்லில் கிடைத்தது. பதினெட்டு வருடம் அங்கே அறுப்பு வேலை. எந்த மரமாக இருந்தாலும் நகத்தால் பட்டையைச் சுரண்டி மூக்கில் வைத்துப் பார்த்துவிட்டு இன்ன மரம் என்று சொல்லிவிடுவார். ஒருமுறை மில் முதலாளி அவர் கண்ணைக் கட்டி, ஐந்து குவியல் மரத்தூளை முன்னால் வைத்தாராம். இவர் ஐந்தையும் சொல்லிவிட்டு, "கடைசிக் குவியல்ல உங்க பீடிச் சாம்பலும் கலந்திருக்கு முதலாளி" என்றாராம். அன்றிலிருந்து அந்தப் பெயர். சொந்தப் பெயரைக் கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பாரா என்பதே சந்தேகம். நான் அண்ணே என்பேன். அவர் என்னைத் தங்கச்சி என்பார். ரத்த உறவெல்லாம் இல்லை. இரண்டு வீட்டுக்கும் நடுவே எட்டடிச் சந்து, அந்த உறவுதான்.

பதினாலு வருடத்துக்கு முன்னால், மழை தொடங்க இரண்டு வாரம் இருந்தபோது, என் வீட்டு அடுப்படி உத்தரம் பிளந்தது. பட்டாசு மாதிரி ஒரு சத்தம். ஓடிப்போய்ப் பார்த்தால் நடு உத்தரத்தில் கை நுழைகிற அளவுக்குப் பிளவு, சுவர் வெளிப்பக்கம் தள்ளிக்கொண்டு நிற்கிறது. என் வீட்டுக்காரர் இடுப்பு எலும்பு முறிந்து டவுன் ஆஸ்பத்திரியில் கிடந்தார். மகனுக்கு ஒன்பது வயது. என்னிடம் இருந்தது ஒரு தையல் மெஷின். தலைக்கு மேல் வெள்ளம் போனால் சாண் என்ன முழம் என்ன என்பார்கள். எனக்குத் தலைக்கு மேல் கூரையே போய்க்கொண்டிருந்தது. சந்தில் நின்று அவரைக் கூப்பிட்டேன்.

"அண்ணே, ஏதாவது பண்ணுங்கண்ணே. பையனை வெச்சுக்கிட்டு எங்கே போவேன்?"

வந்தார், அண்ணாந்து பார்த்தார், சுவரைத் தட்டிப் பார்த்தார்.

"ஊர்க்காட்டுக் கமிட்டியைக் கேட்டா வெள்ளைமரம் ஒண்ணு தருவாங்க. ஆனா கமிட்டி கூடுறதுக்கு இன்னும் இருபது நாள் இருக்கு. இந்தச் சுவர் இருபது நாள் நிக்காது தங்கச்சி" என்றார்.

கேட்காமல் வெள்ளைமரம் வெட்டினால் தண்டனை பெரிதில்லை. ஒருநாள் காட்டில் தீத்தடுப்புப் பாதையைச் சுத்தம் செய்து கொடுக்க வேண்டும். முதலில் வெட்டிவிட்டு, கமிட்டி கூடும்போது சொல்லிவிட்டு, ஒருநாள் வேலையையும் செய்துவிடலாம் என்று கணக்குப் போட்டார். வெள்ளைமரம் எங்கள் காட்டில் நூற்றுக்கணக்கில் நிற்கிறது. அது இலை உதிர்ந்த மாதம். மரமெல்லாம் மொட்டையாக, பட்டை வெளுத்து, ஒன்றுபோல ஒன்று நிற்கும். எப்போதும்போல நகத்தால் சுரண்டி முகர்ந்துதான் பார்த்தார். என்ன செய்ய, மோப்பக்காரருக்கு அன்றைக்கு ஜலதோஷம்! மூக்கு இரண்டும் அடைத்துக்கொண்டிருந்தது. வெளுத்த பட்டையைப் பார்த்து வெட்டிவிட்டார்.

உத்தரத்தை என் அடுப்படியிலேயே வைத்துச் செதுக்கினார். மூன்றாம் நாள் அவருக்கு மூக்குத் திறந்தது. உளியோடு குனிந்தவர் அப்படியே நின்றுவிட்டார். ஒரு சிராயை எடுத்து முகர்ந்தார். இன்னொன்றை எடுத்தார். முகம் வெளிறிப்போனது.

"தப்பு பண்ணிட்டேன் தங்கச்சி."

"என்னாச்சுண்ணே?"

"இது வெள்ளைமரம் இல்ல. இது எந்த மரம்னு எனக்கே தெரியல. இந்த வாசனையை நான் மில்லுலயும் பார்த்ததில்ல."

உத்தரத்தை ஏற்றிப் பொருத்தி, சுவரைச் சரிசெய்து, புதுமரம் என்று தெரியாமலிருக்கப் புகைக்கரியையும் பழைய எண்ணெயையும் தேய்த்துவிட்டுப் போனார். பிறகு பத்து நாள் காட்டில் அலைந்தார். அதே மாதிரி இன்னொரு மரம் உண்டா என்று ஒவ்வொரு வெளுத்த மரத்தையும் சுரண்டிச் சுரண்டிப் பார்த்தார். கிடைக்கவில்லை. ஊர்க்காட்டில் அந்த ஜாதிக்கு அது ஒன்றுதான் நின்றிருக்கிறது. அதைத்தான் என் சோற்றுப்பானைக்கு மேலே ஏற்றியிருந்தோம்.

நுணலும் தன் வாயால் கெடும் என்பது இவருக்கென்றே சொன்னதுபோல் இருக்கிறது. வெட்டியதை யாரும் பார்க்கவில்லை. பேசாமல் இருந்திருக்கலாம். கமிட்டி கூடிய அன்று இவராக எழுந்து நின்றார்.

"ஒரு மரம் வெட்டிட்டேன். வெள்ளைமரம்னு நினைச்சு வெட்டினேன், அது வேற. அந்த ஜாதியில வேற மரம் நம்ம காட்டுல இல்ல. அடிக்கட்டை உசுரோட இருக்கு, துளிர்க்கும். ஆடு கடிக்காம அதைச் சுத்தி ஒரு வேலி போடணும்."

அவர் கேட்டது அந்த வேலி ஒன்றைத்தான். கமிட்டித் தலைவர் வேலியை விட்டுவிட்டார்.

"மரம் எங்கே?"

நான் பெண்கள் பக்கம் உட்கார்ந்திருந்தேன். அவர் என் பக்கம் திரும்பவே இல்லை.

"வித்துட்டேன்."

வீட்டுக்கு வெட்டினால் ஒருநாள் வேலை. விற்றால் கம்பும் இல்லை, விறகுப் பங்கும் இல்லை. அதுதான் எங்கள் சட்டம். ஆனால் இது காட்டில் ஒன்றே ஒன்றாக நின்ற மரம்; என் பெயரைச் சொன்னால் ஒருநாள் வேலையோடு விடமாட்டார்கள், என் வீட்டு விறகுப் பங்கும் சேர்ந்து போய்விடும் என்று அவர் நினைத்தார். படுக்கையில் புருஷன், அடுப்புக்கு விறகு வேண்டும், அதனால் நானும் அப்படியே நினைத்தேன். வாயை மூடிக்கொண்டேன். உத்தரம் மில்லில் கிடந்த பழையது என்று தெருவில் கேட்டவர்களிடம் சொன்னேன். ஊமை ஊரைக் கெடுக்கும் என்பார்கள். நான் ஊமைகூட இல்லை. மறுநாளே குழாயடியில் வேறு யாரையோ பற்றி வாய் ஓயாமல் பேசிக்கொண்டிருந்தேன்.

அவர் வீட்டு அண்ணி மூன்று வருடம் தாங்கினாள். பிறகு மகளுக்குப் பிரசவம் பார்க்க நகரத்துக்குப் போனாள், அப்படியே தங்கிவிட்டாள். போகிற அன்று வாசலில் நின்று அவரிடம் சொன்னது என் அடுப்படி ஜன்னலில் கேட்டது.

"இங்க நான் யாரோட பேசுறது, சுவத்தோடயா? கம்பு நம்ம வாசல்ல நிக்கற அன்னைக்கு ஒரு போன் பண்ணுங்க. அடுத்த பஸ்ஸுல வர்றேன்."

அதன்பிறகு அவர் ஒற்றை ஆள். மில் வேலையிலிருந்து நின்றபிறகு மண்வெட்டிக்கும் கோடாலிக்கும் பிடி செதுக்கி விற்றார். விடியற்காலையில் ஒரு குடம் தண்ணீரோடு காட்டுக்குப் போவார். அடிக்கட்டையைச் சுற்றி முள் வெட்டிப்போட்டு அவரே வேலி கட்டியிருந்தார். கம்போடு போகிறவர்களுக்கு நாற்பது நாளைக்கு ஒருமுறை முறை வரும். இவர் தினமும் கம்பில்லாமல் போனார். மகள் வீட்டிலிருந்து ஞாயிற்றுக்கிழமை காலை போன் வரும். அதற்கு அரைமணி முன்பிருந்தே தொண்டையைச் செருமிச் செருமிக் குரலைப் பழக்குவார். வாரம் முழுக்கப் பேசாத குரல் திடீரென்று வருமா? "ம்... ஹலோ... நான்தான்..." என்று தனியாகச் சொல்லிப் பார்ப்பார். அதைக் கேட்டுக்கொண்டே நான் சோறு வடிப்பேன். தலைக்கு மேலே அந்த உத்தரம் கறுத்துப்போய்க் கிடக்கும். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பதெல்லாம் சும்மா இல்லை. ஆனால் குறுகுறுப்போடும் மனுஷி சாப்பிடுவாள், தூங்குவாள், துணி தைப்பாள். என் வீட்டுக்காரர் போய்ச் சேர்ந்தார், மகன் வளர்ந்தான், நான் சொல்லவில்லை.

இந்த வருடம் மரம் கணக்கெடுக்க ஐந்து பேர் வந்தார்கள். வேலி போட்ட அரசாங்கக் காட்டில் எத்தனை வகை மரம், ஊர்க்காட்டில் எத்தனை வகை என்று எண்ணிப் பார்ப்பார்களாம். இருபதடி நீளம் இருபதடி அகலத்துக்குக் கயிறு கட்டி, அதற்குள் நெஞ்சுயரத்தில் முப்பது சென்டிமீட்டருக்குக் குறையாத சுற்றளவுள்ள ஒவ்வொரு மரத்தையும் டேப்பால் அளந்து எழுதுவார்கள். இதில் எங்கள் கமிட்டித் தலைவருக்குத் தாங்க முடியாத பரபரப்பு. காக்கிக்காரர்கள் எங்களைப் பார்த்தால், "உங்களுது காடா, விறகுக் கடையா?" என்று கிண்டலடிப்பார்கள். அதில் நியாயமே இல்லையென்றும் சொல்ல முடியாது. வருடா வருடம் வீண்மரம் என்று எங்களுக்குத் தோன்றியதையெல்லாம் செடியிலேயே களைந்துவிடுவோம். பழம் தரும், விறகு தரும், இலை மாடு தின்னும் என்றால் விடுவோம். மற்றதற்கு எங்கள் காட்டில் பெயர்கூடக் கிடையாது.

ஊர்க்காட்டில் அவர்கள் அளக்கத் தொடங்குவதற்கு முதல் நாள் கம்பு எங்கள் வீட்டு முறை. மகன் போய்விட்டு வந்தான். நான் முழங்கால் வீங்கிப் படுத்திருந்தேன். கம்பைத் தன் பெண்டாட்டியிடம் கொடுத்து, "பக்கத்து வீட்டுல வெச்சுட்டு வா" என்று சொல்லிவிட்டுக் குளிக்கப் போனான். மருமகள் வந்து இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது. பக்கத்து வீடு என்றால் அவளுக்குப் பக்கத்து வீடுதான். கம்பைக் கொண்டுபோய் மோப்பக்காரர் வாசலில் சாத்திவிட்டுச் சிரித்துக்கொண்டே வந்தாள்.

"அத்தே, அந்த மாமாவுக்கு என்னா சந்தோசம்! கம்பைக் கையில வாங்கிப் பார்த்துக்கிட்டே இருந்தாரு. எம் பேரைக் கேட்டாரு."

"அடிப்பாவி! எங்கே வெச்சே?"

நொண்டிக்கொண்டே சந்துக்குப் போனேன். திரும்ப வாங்கிவிடலாம் என்றுதான் போனேன், பொய் சொல்ல மாட்டேன். அவர் படியில் உட்கார்ந்து கம்பின் பூணைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் எண்ணெய்க் கிண்ணம். துடைப்பதும் வெளிச்சத்தில் திருப்பிப் பார்ப்பதுமாக இருந்தார். கம்பைக் கேட்காமலே திரும்பி வந்துவிட்டேன்.

அது பிசகு என்று அவருக்குத் தெரியாமலா இருக்கும்? தெரியும். மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. போன் வரும் நேரத்துக்கு அவர் காட்டில் இருந்தார். சாயங்காலம் வந்து அவராகவே கூப்பிட்டு, "வேலை இருந்துச்சு, அதான்" என்று மட்டும் அண்ணியிடம் சொன்னார். கம்பைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. தவறி வந்த கம்பைக் காட்டி அவளை பஸ் ஏற வைக்க அவருக்கு மனசில்லை.

கணக்கெடுப்பு ஆட்களோடு கம்புக்காரர் கூடப் போகவேண்டும் என்று கமிட்டி ஏற்பாடு. காலையில் தலைவர் வந்து பார்க்கிறார், சலவைச் சட்டையும் கையில் கம்புமாக மோப்பக்காரர் நிற்கிறார்! தலைவர் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. ஆனால் வந்தவர்கள் முன்னால் வீட்டுச் சண்டையை விரிக்க முடியுமா? மென்று விழுங்கிக்கொண்டு, "கூட்டிட்டுப் போங்க" என்றாராம்.

அன்று நடந்ததையெல்லாம் அந்த ஐந்து பேரில் டேப் பிடித்த பெண் எனக்குச் சொன்னாள். இரண்டு நாள் கழித்து, கிழிந்த தோள்பையைத் தைக்க என்னிடம் வந்தாள். அடுப்படியிலேதான் என் மெஷின். உத்தரத்துக்கு நேர்கீழே முக்காலியில் உட்கார்ந்து காலை ஆட்டிக்கொண்டு பேசினாள்.

"அந்தப் பெரியவர் இல்லேன்னா நாங்க பாதி மரத்தைத் தப்பா எழுதியிருப்போம்க்கா. நீங்கல்லாம் வெள்ளைமரம்னு ஒரே பேர் சொல்றீங்களே, அது மூணு ஜாதி. சுரண்டி எங்க மூக்குக்கிட்ட நீட்டுறாரு. ஒண்ணு ஈரமாவு வாசனை, ஒண்ணு வெள்ளரிக்காய், இன்னொண்ணு ஒண்ணுமே இல்ல. இலையைப் பறிச்சு வெச்சுப் பார்த்தா அவர் சொன்னதுதான் சரி."

"அப்போ யாருக்கு அதிகம், எங்களுக்கா காக்கிக்காரங்களுக்கா?" என்றேன். எனக்கும் அந்த ஆசை இருந்தது.

"அங்க அறுபத்திமூணு வகை, இங்க அறுபத்தொண்ணு. ஆனா இங்க இருக்கறதுல ஒன்பது வகை அங்க இல்லவே இல்லக்கா. ஒண்ணுக்கு ஒண்ணு ஈடு கிடையாது. ரெண்டு காடும் இருக்கணும்." காலை ஆட்டுவதை நிறுத்தினாள். "அறுபத்திரண்டாயிருக்கும். அதுதான் எனக்கு மனசு கேக்கல."

அன்றைக்குக் கடைசியாகக் கட்டிய கயிற்றுக்குள் அந்த அடிக்கட்டை இருந்திருக்கிறது. அதிலிருந்து ஒற்றைக் கிளை நிமிர்ந்து மரமாகியிருந்தது. மற்ற துளிர்களையெல்லாம் ஒடித்துவிட்டு, நேராக வந்த ஒன்றை மட்டும் அவர் வளர்த்திருக்கிறார். அதைச் சுற்றி முள்வேலி, உள்ளே உட்கார ஒரு கல். இவள் டேப்பைச் சுற்றினாள். இருபத்தொன்பதரை.

"இன்னொரு தரம் பாரும்மா" என்றிருக்கிறார். பார்த்தாள். இருபத்தொன்பதரை. "பட்டையோட சேர்த்துப் பிடிச்சியா? கொஞ்சம் தளர்த்திப் பிடி." மூன்றாம் தடவையும் அதேதான். முப்பது இல்லையென்றால் எழுதக் கூடாது.

"இந்த இலை வேற எங்கேயும் எங்களுக்குக் கிடைக்கல, வேலிக் காட்டுலயும் இல்ல. இருந்தாலும் விதியை மீறி எழுத முடியாதில்ல? அடுத்த தடவை வரும்போது நிச்சயம் எழுதுவேன் தாத்தான்னு சொன்னேன். எப்போ வருவேன்னு கேட்டாரு. அஞ்சு வருசம் ஆகும்னேன். அது வளர்ந்துடும், ஒண்ணும் அவசரமில்லன்னு சொன்னாரு. ஆனா முகத்தைத் திருப்பிக்கிட்டாருக்கா."

நான் மெஷினை மிதித்துக்கொண்டே இருந்தேன்.

"யாரு வெட்டினதுன்னு கேட்டேன். நான்தான்னாரு. எதுக்குத் தாத்தான்னேன். ஒரு வீட்டுக்கு உத்தரம் தேவைப்பட்டுச்சுன்னாரு. எந்த வீடுன்னு சொல்லவே இல்ல."

அவள் அண்ணாந்து பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். பார்க்கவில்லை. பையை வாங்கிக்கொண்டு, "ரொம்ப நல்லா தைச்சிருக்கீங்கக்கா" என்று சொல்லிவிட்டுப் போனாள். அவள் போனபிறகு நான் அந்த முக்காலியில் உட்கார்ந்து அழுதேன். மருமகள் பயந்துபோய்த் தண்ணீர் கொண்டுவந்தாள்.

அடுத்த கமிட்டியில் தலைவர் எதிர்பார்த்தபடியே ஆரம்பித்தார். "தள்ளி வெச்ச வாசல்ல கம்பை வெச்சது யாரு?" மருமகள் எழுந்து நின்றாள். இரண்டு மாதத்துப் பெண், ஊரே பார்க்கிறது. பதினாலு வருடத்துக்கு முன்னால் அதே மாதிரி ஒருவர் நின்றதை நான் உட்கார்ந்த இடத்திலிருந்து பார்த்தேன். இந்தத் தடவை எழுந்துவிட்டேன்.

"அந்தப் புள்ளைய உக்காரச் சொல்லுங்க. அவ சரியான வாசல்லதான் வெச்சா. இத்தனை வருசமா தப்பான வாசல்ல வெச்சது நான்."

எல்லாவற்றையும் சொன்னேன். ஜலதோஷம், உத்தரம், புகைக்கரி, மில் மரம் என்று நான் சொன்ன பொய், ஒன்றையும் விடவில்லை. சொல்லிவிட்டு நின்றேன். கல்லால் அடிப்பார்கள், என் வீட்டையும் முறையிலிருந்து எடுப்பார்கள், அதுதான் சரி என்று நின்றேன். பிறகு தலைவர் தலையைச் சொறிந்தார்.

"விக்கலையா அப்போ? இதை அன்னைக்கே சொல்லியிருந்தா ஒருநாள் வேலையோட போயிருக்கும். சரி சரி, அடுத்த சுத்துல இருந்து அவர் வாசல்ல வெச்சுருங்க. நீ ஒருநாள் தீத்தடுப்புப் பாதையைச் சுத்தம் பண்ணிக் குடுத்துரு. அடுத்து என்னப்பா?"

அவ்வளவுதான். அடுத்தது கிணற்றுக் கயிறு பற்றிய பேச்சு. எனக்கு வந்த கோபம் கொஞ்ச நஞ்சமில்லை. ஒரு டம்ளர் தண்ணீர் குடிக்கிற நேரத்தில் தீர்ந்துபோகிற விஷயத்துக்கா ஒரு மனிதர் இத்தனை வருடம் சுவரோடு பேசினார்? அந்தக் கோபத்தை யார் மேல் காட்டுவது? அந்த நேரத்தை எடுத்துக்கொண்டு அன்றைக்கே எழுந்திருக்க வேண்டியவள் நான்தானே.

கமிட்டிக்கு வராத அவரிடம் யாராவது போய்ச் சொல்லியிருப்பார்கள் என்று நான் நினைத்தேன். நான் சொல்லியிருப்பேன் என்று ஊர் நினைத்தது. முகத்தைப் பார்க்கத் திராணியில்லாமல் எங்கள் முறை திரும்ப வரும்வரை நான் சந்துப் பக்கமே போகவில்லை. அவர் எப்போதும்போல விடியலில் குடத்தோடு போனார், வந்தார்.

முறை வந்தது. மகன் காட்டைச் சுற்றிவிட்டு வந்ததும் கம்பை நான் வாங்கிக்கொண்டேன். சாயங்கால வெளிச்சம் இன்னும் இருந்தது. அவர் வாசலில் சாத்தி, "கம்பு!" என்றேன். எனக்கே என் குரல் கேட்கவில்லை. கதவு திறந்தது. கம்பைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"மருமகப் பொண்ணு மறுபடியும் மாத்திட்டாளா?"

"இல்லண்ணே. நான்தான் வெச்சேன். தெரிஞ்சுதான் வெச்சேன். இனிமே உங்க முறையும் உண்டு. கமிட்டியில சொல்லிட்டேன்."

"என்னத்தைச் சொன்னே?"

"உத்தரத்தை."

அவர் முகம் மலரும் என்று நினைத்தேன். மடத்தனம்.

"ஏன் தங்கச்சி சொன்னே? நான் இத்தனை வருசம் காப்பாத்திட்டேனே."

மன்னிச்சிருங்க என்ற வார்த்தை நாக்கு வரைக்கும் வந்து நின்றது.

"தாங்குதா அது?" என்றார்.

"எதுண்ணே?"

"உத்தரம்."

"தாங்குதுண்ணே. ஒரு குறையும் இல்ல."

"அப்ப சரி" என்றார். கம்பை எடுத்துக்கொண்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். கோபத்தில் சாத்தவில்லை. கதவைத் திறந்து வைத்துக்கொண்டு ஒருவரோடு பேசுவது அவருக்கு மறந்துபோயிருந்தது.

நான் வாசலிலேயே நின்றேன். உள்ளே தொண்டையைச் செருமும் சத்தம் கேட்டது. ஒருமுறை, இரண்டுமுறை, மூன்றாம்முறை. அன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை இல்லை. போனில் எண்ணை அழுத்துகிற சத்தம் கேட்டது.

"நான்தான்... இல்ல இல்ல, உடம்புக்கு ஒண்ணுமில்ல. கம்பு வந்திருக்கு... கம்பு. நம்ம வாசல்ல... ஆமா, நிஜமாத்தான், தப்பா வரல... ம்." நிறுத்தினார். அந்தப் பக்கம் நெடுநேரம் பேச்சு. "ஆமா, சின்னவனுக்குப் பள்ளிக்கூடம் இருக்குமில்ல... ஆமா, அவளும் வேலைக்குப் போறவ, வீட்டை யாரு பாத்துக்கறது... தெரியும், தெரியும். இத்தனை வருசத்துக்கப்புறம் எப்படி வருவே... இல்ல, வரச் சொல்லிக் கூப்பிடல. நீ சொல்லச் சொன்னியே, அதான் சொன்னேன்."

போனை வைத்துவிட்டார். கம்பைச் சுவரில் சாத்துகிற சத்தம் கேட்டது. மறுநாள் விடியலில் அவர் ஒரு கையில் கம்பும் மறுகையில் குடமுமாகக் காட்டுக்குப் போனார்.